1/72 மீட்டியோர் வாட்-இஃப்: வார்னிஷ் பனி பூத்துவிட்டது, உரித்துவிட்டு சியாக் நிறத்தில் மறுபடி அடிப்பது எப்படி?

ஹட்டன்_மூடுபனி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொடல்: 1/72 குளொஸ்டர் மீட்டியோர் எஃப்.3 (பிரித்தானியாவின் ஆரம்பகால ஜெட் போர் விமானம்), ஏர்ஃபிக்ஸின் பழைய அச்சு. நடக்காததை நடந்ததாக வைத்துச் செய்யும் வாட்-இஃப் மொடல். கற்பனை இதுதான்: 1945 ஆகஸ்டில் யுத்தம் முடியவில்லை, 1946க்கும் இழுக்கிறது. மீட்டியோர் ஸ்குவாட்ரன் ஒன்று இரத்மலானைக்கு வந்து தென்கிழக்காசியக் கட்டளையின் கீழ், அதாவது சியாக்கின் கீழ், பறக்கிறது. சிவப்பில்லாத இரு நீல வட்டம், வெள்ளைப் பட்டை, அந்தத் தோற்றம் வேண்டும்.

இப்போதைய நிலை: மேலே டாமியா எக்ஸ்எஃப்-81 பச்சையும் எக்ஸ்எஃப்-82 சாம்பலும், கீழே எக்ஸ்எஃப்-83. மூன்றும் ஏர்பிரஷ், அதுவரை குறையில்லை. அதன் மேல் வெள்ளைப் பட்டைகள் ஹம்ப்ரோல் எனமலில், தூரிகையால் ஐந்து பூச்சு. பச்சை இன்னும் லேசாகத் தெரிகிறது, ஓரத்தில் வயல் வரப்பு மாதிரி மேடு. வட்டங்களின் டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) அடியில் வெள்ளியாக மினுங்குகிறது. கடைசியில் லக்கர் மெட் வார்னிஷ் கேன். அடித்த பத்து நிமிடத்தில் முழு விமானமும் பாலாடை போர்த்தியதுபோல வெளுத்துவிட்டது. நேரம் பின்னேரம் நாலு மணி, வெளியே தூறல். போதாக்குறைக்கு மூக்கில் பாரம் இல்லாமல் வாலில் குந்துகிறது, உடலோ ஒட்டி முடிந்தது.

கேட்க நினைப்பது:
இதைக் காப்பாற்றலாமா, முழுக்க உரிக்க வேண்டுமா? உரிப்பதென்றால் டவுன் கடையில் கிடைக்கும் எதால்?
பட்டைகளின் சரியான அகலம் என்ன? மீட்டியோருக்குப் புரொப்பெல்லர் இல்லை, மூக்குப் பட்டை எங்கே வரும்?
ஜூன் மழையில் எப்படிக் காயவைப்பது?
ஒட்டிய உடலுக்குள் பாரம் எப்படிப் போடுவது?

---

பண்டாரவளை_கச்சான்:

முதல்ல வெளுப்பு. அது வார்னிஷின் குற்றம் இல்லை, நேரத்தின் குற்றம். லக்கரில் இருக்கிற கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசின பரப்பு குளிர்ந்துபோகும். சுற்றிலும் காற்று ஏற்கனவே ஈரத்தில் ஊறிப்போயிருந்தால், அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி படியும், பாதி காய்ந்த படலத்துக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் பிறகு போய்விடும், ஆனால் அது இருந்த இடம் நுண்ணிய பொந்தாக நிற்கும். வெளிச்சம் அதில் சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது.

சோதிக்க வழி: ஒரு ஓரத்தில் சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை வெளுப்பு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பொந்துதான் காரணம். அதன் மேல் மினுக்கு வார்னிஷ், டாமியா எக்ஸ்-22 போன்றது, ஒரு ஈரப் பூச்சு கொடுத்தால் பொந்து நிரம்பி நிறம் திரும்பும். ஆகவே வெளுப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் உரிக்கத் தேவையே இல்லை. ஆனால் உங்கள் பட்டையில் வரப்பு, டெக்காலில் வெள்ளி. இரண்டையும் வார்னிஷ் மூடாது, இன்னும் எடுத்துக்காட்டும். உரியுங்கள்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அடியில் இருப்பது டாமியா அக்ரிலிக். எனமலும் லக்கரும் மேலே எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும் அத்திவாரம் அல்கஹோலில் கரையும். அத்திவாரம் போனால் மேலே உள்ளது தோலாக உரிந்து வரும். பாமசியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் அல்லது சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேளுங்கள், 70 சதவீதத்துக்குக் குறையாமல். அதுவும் இல்லையா, கைக்குப் பூசும் ஜெல் சானிடைசர் போதும். ஜெல் வழியாமல் ஒட்டி நிற்பதால் இறக்கை மாதிரிப் பரந்த இடத்துக்கு அது திரவத்தைவிட வசதி.

செய்யும் முறை. 800 அல்லது 1000 இலக்க ஈரத் தாளால் வார்னிஷை லேசாகக் கீறிவிடுங்கள், அல்கஹோல் உள்ளே இறங்க வழி வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மொடலைக் கிடத்தி, மூழ்க ஊற்றி ஒரு மணி நேரம். பழைய பல்தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். வராத இடத்துக்கு இன்னொரு மணி நேரம். இரவு முழுக்க ஊறப்போட வேண்டாம், சூப்பர் குளூ போட்ட மூட்டுகள் தளர்ந்துவிடலாம். பள்ளக் கோடுகளுக்குள் நிற்கும் எச்சத்தைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். கடைசியில் பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், அடுப்பு எரிகிற காம்பராவில் இந்த வேலையே வேண்டாம். அல்கஹோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு போய் நெருப்பைத் தேடும்.

எனமல் பிளாஸ்டிக்கிலேயே நேரடியாகப் பிடித்திருக்கிற இடம் இருந்தால் அல்கஹோல் அசைக்காது. அதற்கு டெட்டோல், தண்ணீர் கலக்காமல், அரை நாள். இங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள்: டெட்டோலில் ஊறிய மொடலை நேராகத் தண்ணீரில் காட்டினால் இளகின பெயிண்ட் எல்லாம் தார் மாதிரி ஒட்டும் களியாகிவிடும். தேய்ப்பதும் முதல் அலசலும் டெட்டோலிலேயே. பெயிண்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்பும் தண்ணீரும்.

தொடக்கூடாதவை: ஹார்ட்வெயாரில் விற்கும் தின்னர், அசிட்டோன், பெற்றோல். மூன்றும் பெயிண்டை மட்டுமல்ல, விமானத்தையும் கரைக்கும்.

அடுத்தது பாரம். மீட்டியோர் மூன்று சில்லில் நிற்பது, மூக்குச் சில்லு முன்னால். பின் உடலும் உயர்ந்த வாலும் இழுக்கும், பாரம் இல்லாமல் நிற்காது. மூக்குச் சில்லுக் குழியின் கூரையில் 5 மிமீ துளை போட்டு அதன் வழியே முன்னால் தள்ளுங்கள். டயர் கடையில் சில்லு பலன்ஸ் பண்ண ஒட்டும் 5 கிராம் துண்டுகள் இருக்கிறதே, அதை இடுக்கியால் நறுக்கினால் துளைக்குள் போகும். தூண்டில் ஈயமும் சரி. எவ்வளவு என்று கேட்டால், பெரிய சில்லுகள் இரண்டின் அச்சுக்கு நேர் கீழே ஒரு பென்சிலை வைத்து மொடலை அதன்மேல் நிறுத்துங்கள், மூக்கின் வெளியே டேப்பால் துண்டுகளை ஒட்டிக்கொண்டே போங்கள், மூக்கு விழும் எடைக்கு மேல் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. டெக்கால், வார்னிஷ், சில்லுக் கதவு எல்லாம் பிறகு கூடும் அல்லவா.

ஈயத்தை எபொக்ஸியில் மட்டும் பதியுங்கள். வெள்ளைப் பசையில், அதாவது பிவிஏயில், ஈயத்தைப் பதித்தால் பசையின் அமிலத்தில் ஈயம் அரித்து வெள்ளைத் தூளாக ஊதும். இந்த மலை ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சில வருடத்தில் மூக்கின் மூட்டு தானாகப் பிளக்கும்போது காரணம் விளங்காது.

இடம் போதவில்லை என்றால் எஞ்சின் கூடுகளின் முன்பக்கமும் உதவும், ஆனால் கணக்கைப் பாருங்கள்: பாரம் பெருக்கல் தூரம். சில்லு அச்சிலிருந்து மூக்கு இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சின் வாய் என்றால், மூக்கில் 5 கிராம் செய்வதை அங்கே 15 கிராம்தான் செய்யும்.

---

பேராதனை_வட்டம்:

உரிப்பது பற்றி மேலே சொன்னதில் சேர்க்க எதுவும் இல்லை. நிறத்துக்கும் அடையாளத்துக்கும் வருகிறேன்.

வாட்-இஃப் மொடலில் வரலாற்றை ஓர் இடத்தில் மட்டும் முறியுங்கள். மற்ற எல்லாம் அசலாக இருக்க வேண்டும், அப்போதுதான் பார்ப்பவர் ஒரு கணம் நம்புவார். உங்கள் கற்பனையில் முறிவு யுத்தத்தின் முடிவுத் திகதி. அது ஒன்றுதான் பொய். ஆகவே மீட்டியோர் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வரட்டும்: மேலே டார்க் கிரீன், ஓஷன் கிரே, கீழே மீடியம் சீ கிரே. நீங்கள் எடுத்த மூன்று டாமியாவும் அவைதான், மிஸ்டர் கலர் என்றால் 361, 362, 363. இங்கே வந்து சேர்ந்த பிறகு களத்தில் என்ன மாற்றுவார்களோ அதை மட்டும் மாற்றுங்கள்.

என்ன மாற்றுவார்கள்? முதலில் சிவப்பைத் தொலைப்பார்கள். 1942 ஏப்ரல் 5 கொழும்பிலும் 9 திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டது. அந்த வானத்தில் சிவப்பு வட்டம் என்றால் ஜப்பான். அதனால்தான் சியாக் வட்டம் வெளியே கடும் நீலம், உள்ளே வெளிர் நீலம் என்றானது, அளவும் சின்னதாயிற்று. அடுத்து, பின் உடலில் ஸ்கை எனும் வெளிர் பச்சை நிறப் பட்டை, இறக்கை முன்விளிம்பில் மஞ்சள். இவை ஐரோப்பியக் களத்தின் அடையாளம், உங்கள் விமானத்தில் இருக்கக்கூடாது. ஐரோப்பாவிலேயே மீட்டியோருக்குக் களத்துக்கு ஏற்ப நிறம் மாற்றிய முன்னுதாரணம் உண்டு. 1945 ஜனவரியில் 616 ஸ்குவாட்ரனின் எஃப்.3கள் பெல்ஜியம் போனபோது, சொந்தப் படையே ஜெர்மன் ஜெட்டான மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்று நினைத்துச் சுடாதபடி முழுக்க வெள்ளை அடித்தார்கள். ஆகவே களத்தில் நிறம் மாற்றினார்கள் என்ற உங்கள் கதை வலிந்து கட்டியதல்ல. இந்தக் கட்டளையின் தலைமையகம் 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து நம்ம பேராதனைப் பூங்காவுக்கே வந்துவிட்டது, ஆகவே உத்தரவு மலையிலிருந்துதான் இறங்கியிருக்கும்!

பட்டை அளவு. சியாக்கில் பறந்த ஒற்றை எஞ்சின் விமானங்களில் அமெரிக்கத் தயாரிப்பான தண்டர்போல்ட்டை அளவுகோலாக எடுங்கள்: மூக்கில் 17 அங்குலம், இறக்கையில் 28, வாலில் 18. இதை 72ஆல் வகுத்தால் 6.0 மிமீ, 9.9 மிமீ, 6.35 மிமீ. டாமியா டேப் எந்த அகலத்தில் விற்கிறது? 6, 10, 18, 40. அதாவது 6 மிமீ டேப்பும் 10 மிமீ டேப்பும் அப்படியே பட்டையின் அளவு. அளக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

எங்கே ஒட்டுவது: இறக்கையில் எஞ்சின் கூட்டுக்கு வெளியே, வட்டத்துக்கு உள்ளே, 10 மிமீ டேப்பை விமானம் பறக்கும் திசைக்கு நேர் இணையாகச் சுற்றுங்கள். முன்விளிம்புக்குச் செங்குத்தாக ஒட்டினால் சரிந்து நிற்கும், ஏனென்றால் மீட்டியோர் இறக்கை வெளியே போகப்போக ஒடுங்குகிறது. வால் தட்டிலும் செங்குத்து வாலிலும் 6 மிமீ. மூக்குப் பட்டைக்கு என் தீர்ப்பு: மூக்கை விட்டுவிடுங்கள். தண்டர்போல்ட்டில் அது சுற்றினது எஞ்சின் மூடியை. மீட்டியோரில் எஞ்சின் இருப்பது இறக்கையில். ஆகவே இரண்டு கூட்டின் வாயிலும் உதட்டுக்குப் பின்னால் 6 மிமீ வெள்ளை வளையம். முன்னாலிருந்து பார்க்கிற பீரங்கிக்காரனுக்கு இரண்டு வெள்ளை வளையம் ஒன்றைவிட நல்ல அடையாளம், உத்தரவு எழுதுகிற அதிகாரியும் அப்படித்தான் யோசித்திருப்பார்.

வட்டம் 16 அங்குலம் என்று வைத்தால் 5.6 மிமீ, உள்வட்டம் 6 அங்குலம், 2.1 மிமீ. வால் கொடி, அதாவது செங்குத்து வாலில் வரும் இருநிறக் கட்டம், 24க்கு 16 அங்குலம்: உயரம் 8.5 மிமீ, அகலம் 5.6 மிமீ, பாதி பாதி, வெளிர் நீலம் முன்னால். வெளிர் நீலம் தனியாக வாங்க வேண்டாம். அதே கடும் நீலம் 1 பங்கு, வெள்ளை 4 பங்கு. கடும் நீலத்துக்கு டாமியா எக்ஸ்எஃப்-8 நீலத்தில் சில சொட்டுக் கறுப்பு.

இலக்கம்: தொடர் இலக்கம் 8 அங்குலம், கறுப்பு, மொடலில் 2.8 மிமீ. எந்த இலக்கம் என்பதில் ஒரு வித்தை இருக்கிறது. அன்றைய பிரித்தானிய விமானப்படை உற்பத்தி எண்ணிக்கையை மறைக்க இலக்க வரிசையில் வேண்டுமென்றே இடைவெளி விட்டது. மீட்டியோர் எஃப்.3 வரிசை ஈஈ254இல் நின்று ஈஈ269இல் தொடர்கிறது. நடுவில் உள்ளவை எந்த விமானத்துக்கும் போகவில்லை. ஈஈ260 என்று எழுதினால் வடிவம் அசல், விமானம் கற்பனை. வாட்-இஃப்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கம் கிடைக்காது.

---

மஸ்கெலியா_அலுமினியம்:

இவ்வளவு பாடுபட வேணுமா? வெறும் அலுமினியமா அடிச்சிட்டுப் பட்டையை மட்டும் கடும் நீலத்தில போடுங்க. 1945ல சியாக் தண்டர்போல்ட் வெறும் உலோகத்தில வந்தப்போ வெள்ளைப் பட்டை தெரியாதுன்னு கறுப்பு, கடும் நீலம்னுதான் போட்டாங்க. கடும் நிறம் ஒரே பூச்சில மூடிடும், வெள்ளையோட மல்லுக்கட்ட வேணாம்.

இல்லாட்டி றோயல் சிலோன் விமானப்படை வாம்பயர் ஜெட் ஒண்ணு செய்யுங்க. அது பாதி வாட்-இஃப். நிஜமாவே வாங்கினாங்க, சேவையில விடாமலே ஜெட் புரொவோஸ்டுக்குப் போயிட்டாங்க.

---

பேராதனை_வட்டம்:

வாம்பயர் அருமையான யோசனை, ஆனால் அது வேறு பெட்டி. அலுமினியத்துக்கு எதிராக இரண்டு காரணம். ஒன்று, எஃப்.3 உருமறைப்பு நிறத்தில் வந்த விமானம். அதை உரித்து உலோகமாக்கினால் இரண்டாவது முறிவு ஆகிறது. இரண்டு, அலுமினியப் பெயிண்ட் எதையும் மறைக்காது. ஒட்டி, அரைத்து, ஒருமுறை உரித்த மொடலில் உள்ள ஒவ்வொரு கீறலும் மூட்டும் பளிச்சென்று எழுந்து நிற்கும். 2000 இலக்கம்வரை தாள் போட்டு, கறுப்பு மினுக்கு அடித்தளம் போட்டு, பிறகுதான் அலுமினியம். வெள்ளையோடு மல்லுக்கட்டுவதைவிட அது பெரிய மல்லு.

---

நோர்வூட்_வாட்டுதொட்டி:

வெள்ளையோட மல்லுக்கட்டவே வேணாம் அண்ணே, வரிசைய மாத்தினா போதும். தப்பு நடந்தது அங்கதான். பச்சைக்கு மேல வெள்ளை மூட அஞ்சு பூச்சு, வெள்ளைக்கு மேல பச்சை மூட ஒண்ணரைப் பூச்சு. அதனால வெள்ளைய முதல்ல அடிங்க.

உரிச்சுக் கழுவின மொடலுக்கு வெள்ளைப் பிரைமர். அது நல்லாக் காய்ஞ்சதும் பட்டை வர்ற இடங்கள்ல மட்டும் எக்ஸ்எஃப்-2 வெள்ளை, டாமியாவோட எக்ஸ்-20ஏ தின்னரோட சம பங்கு கலந்து, 15 பிஎஸ்ஐக்குள்ள, மூணு மெல்லிய பூச்சு. ஒரு நாள் விட்டு 10 மிமீ, 6 மிமீ டேப்ப பட்டை வர்ற இடத்திலயே ஒட்டுங்க. டேப் மூடின இடம்தான் பட்டையா மிஞ்சும். நகத்தால ஓரத்த அழுத்துங்க. இப்போ முக்கியம்: டேப் ஓரத்தில மறுபடி ஒருக்கா வெள்ளைய லேசா ஊதுங்க. டேப்புக்கு அடியில எது கசியணுமோ அது வெள்ளையாவே கசிஞ்சு அடைச்சிடும். அதுக்குப் பிறகு வர்ற பச்சை உள்ள போக வழியே இல்ல. கோடு பிளேடால வெட்டின மாதிரி வரும்.

பிறகு கீழ்ப்பக்கம் சீ கிரே, மேலே முழுக்க ஓஷன் கிரே, கடைசியா பச்சை. பச்சையோட வளைவுக்கு புளூ டாக்க (சுவர்ல படம் ஒட்டுற களி) 3 மிமீ கயிறாத் திரிச்சு ஓரத்தில வைங்க, உள்ள டேப்போ காகிதமோ நிரப்புங்க, மேலேருந்து நேரா ஊதுங்க. சரிச்சு ஊதினா கயிறுக்கு அடியில பெயிண்ட் போயிடும். எல்லா நிறத்துக்கும் 10 மிலி போத்தல் ஒண்ணொண்ணு தாராளம். டேப்ப அடுத்த நாளே எடுங்க, தட்டையா மடிச்சு பின்னுக்கு இழுங்க. ஒரு வாரம் கிடந்தா பசை ஏறிடும்.

இனி மழை. தேயிலை ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஈரத்தப் பத்தி வகுப்பு எடுக்கத் தேவையில்ல. ஸ்டோர்ல கொழுந்து வாட்டுறதப் பாருங்க, அடியிலேருந்து காத்த ஊதுறாங்க. மழை நாள்ல மட்டும் கொஞ்சம் சூடு கலக்குறாங்க. பெயிண்டுக்கும் அதே கணக்கு. 16 பாகையில 95 சதவீத ஈரத்தோட இருக்கிற காத்த 30 பாகைக்கு ஏத்தினா ஈரப்பதம் 45க்குக் கீழ இறங்கிடும். தண்ணி எங்கயும் போகல, காத்தோட கொள்ளளவு கூடுது, அவ்வளவுதான்.

பெட்டி செய்ய பழைய பலகைத் தேயிலைப் பெட்டி ஒண்ணு போதும். ஒரு பக்கம் கீழ 25 மிமீ துளை ரெண்டு, எதிர்ப்பக்கம் மேல ரெண்டு. கீழே மூலையில 40 வாட் பழைய குண்டு பல்ப். எல்இடி வேணாம், அது சூடாகாது. பல்புக்கு முன்னால மாப்பால் டின்ன வெட்டி மறைப்பு வைங்க, நேர் வெப்பம் இறக்கையில படக்கூடாது. மொடல் இருக்கிற உயரத்தில வெப்பமானி. 35லேருந்து 40 பாகை, அதுக்கு மேல போனா துளைய பெருசாக்குங்க. மெல்லிய இறக்கை 60ஐத் தாண்டினா வளைய ஆரம்பிக்கலாம். லக்கர் அடிச்ச உடனே உள்ள வைக்காதீங்க. வெளிய அரை மணி நேரம் ஆவி போகட்டும், ஆவியும் பல்பும் ஒரே பெட்டிக்குள்ள ஆபத்து.

நேரம்: டாமியா அக்ரிலிக் பெட்டியில ஒரு மணி நேரத்தில தொடலாம், ஆனா டேப் ஒட்ட ஒரு நாள். எனமல்னா இங்கத்தைக் குளிர்ல வெளிய மூணு நாலு நாள் இழுக்கும், பெட்டியில ஒண்ணரை நாள்.

அடிக்கிற நேரமும் முக்கியம். நம்ம மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை, அந்த நேரம் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ஞ்சு கிடக்கும். டிசம்பர்ல அவங்களுக்கு மழை. ஜனவரி கடைசிலேருந்து மார்ச் வரைதான் நமக்கு வாய்ப்பு. ஜூன்லயே செஞ்சாகணும்னா காலை பத்துக்கும் ஒண்ணுக்கும் இடையில, பின்னேர மூடுபனி இறங்க முதல். ஈரமானி ஒண்ணு வாங்குங்க. 70ஐத் தாண்டினா லக்கர் பக்கமே போகாதீங்க. கட்டாயம்னா ரிட்டார்டர் பத்தில ஒரு பங்கு சேருங்க, ஆவியாகிறது மெதுவாகும், பனி படியாது. கேனுல அது முடியாது, அதனாலதான் கேன் இங்க துரோகி. பிரைமர் கேன்தான் கையில இருக்குன்னா 40 பாகைத் தண்ணியில அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு, 20 சென்டிமீட்டர் தள்ளி அடிங்க. அடுப்புப் பக்கம் காட்டவே கூடாது.

கொம்பிரஷர் தொட்டியில சேர்ற தண்ணிய வேலைக்கு முன்னாலயும் பின்னாலயும் இறக்குங்க. ஈரப்பொறி கொம்பிரஷர்ல இருந்தாலும் ஏர்பிரஷுக்குப் பக்கத்தில இன்னொண்ணு போடுங்க. காத்து குழாயில போகும்போதுதான் குளிர்ந்து சொட்டாகுது. இறக்கை நடுவுல திடீர்னு ஒரு துளி தண்ணி துப்பினா அதுதான் காரணம்.

---

ஹட்டன்_மூடுபனி:

டேப் அகலமே பட்டை அகலம் என்பது இதுவரை தோன்றவே இல்லை, நன்றி. இன்னும் மூன்று சின்னச் சந்தேகம். விமானி மூடி ஏற்கனவே ஒட்டியாயிற்று, அல்கஹோலில் போடலாமா? பிரேக் ஒயிலில் உரிக்கலாம் என்கிறார்களே? பழைய ஹரிக்கேன் பெட்டியில் சியாக் வட்டங்கள் மிச்சம் இருக்கிறது, ஆனால் டெக்கால் தாள் மஞ்சளாகிவிட்டது.

---

பண்டாரவளை_கச்சான்:

மூடி எதால் ஒட்டியது? வெள்ளைப் பசை என்றால் ஓரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள், தானாகக் கழன்று வரும். பிளாஸ்டிக் பசை என்றால் கழற்றப் பார்க்காதீர்கள், வெடிக்கும். மொடலை முழுக்க ஊறப்போடும் திட்டத்தையும் மாற்றுங்கள். மூடியை டேப்பால் மூடி, அதைச் சுற்றிய இடத்தைக் காதுக் குச்சியில் அல்கஹோல் தொட்டுத் துடைத்தே உரியுங்கள். மற்றப் பகுதிகளுக்கு ஜெல் பூசி மேலே பொலித்தீன் போர்த்திவிட்டால் காயாமல் வேலை செய்யும். ஒளிபுகும் பிளாஸ்டிக் உடையும் தன்மை கூடியது. அழுத்தத்தில் ஒட்டிய மூடி அல்கஹோலில் நுண்ணிய வெடிப்பு விடலாம், வெடிப்பு விட்டால் திரும்பாது.

பிரேக் ஒயில் உரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் தோலுக்குக் கெடுதல், கழுவினாலும் பிசுக்குப் போகாது, ஊற்றிக் கொட்ட இடமும் இல்லை. கானில் ஊற்றினால் கீழே யாரோ ஒருவரின் பீலித் தண்ணீரில் போய்ச் சேரும். உங்கள் அடிப்பூச்சு அல்கஹோலுக்கே கரையும்போது அது எதற்கு?

மஞ்சள் டெக்காலைப் பொலித்தீன் உறையில் போட்டு, படம் வெளியே தெரிய, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டுங்கள். சூரிய ஒளி மஞ்சளை வெளுக்கும். இந்த மாதத்தில் ஹட்டனில் இரண்டு வாரம் ஆகலாம், இங்கே பண்டாரவளையில் நாலைந்து நாள் போதும். ஒட்டுவதற்கு முன் வேண்டாத எழுத்து ஒன்றைத் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். துண்டுதுண்டாக உடைந்தால் தாள் முழுக்க எக்ஸ்-22 ஒரு பூச்சுக் கொடுத்து, காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் விளிம்போடு வெட்டுங்கள். மினுக்குப் பூச்சு எல்லாவற்றையும் ஒரே படலமாகச் சேர்த்துவிடும், வெட்டாமல் போட்டால் தாள் முழுவதும் ஒன்றாகக் கழரும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும், குளிர்ந்த தண்ணீரில் பழைய பசை இளகாது.

போன தடவை வெள்ளியாக மினுங்கியதற்குக் காரணம், மெட் பரப்பில் நேரடியாக ஒட்டியது. மெட் என்றால் சொரசொரப்பு, குழிகளில் காற்று சிக்கும். இந்த முறை நிறம் முடிந்ததும் எக்ஸ்-22 இரண்டு பூச்சு, ஒரு நாள், பிறகு டெக்கால், பிறகு டெக்கால் மென்மையாக்கி. வெளிர் நீலம் பச்சைக்கு மேல் மங்கித் தெரிந்தால் இரண்டு டெக்காலை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டலாம், இரண்டாவதைப் போடுவதற்கு முன் முதலாவது ஓர் இரவு காய வேண்டும்.

கடைசிப் பூச்சுக்கு அந்தக் கேனை எடுக்க வேண்டாம். எக்ஸ்எஃப்-86 மெட்டையும் எக்ஸ்-22 மினுக்கையும் 2க்கு 1 கலந்து, போத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைத் தூள் முழுக்கக் கலக்கும்வரை கிளறி, ஏர்பிரஷில் இரண்டு மெல்லிய பூச்சு. எக்ஸ்எஃப்-86ஐத் தனியாகக் கனமாக அடித்தால் கடும் பச்சையில் மழையே இல்லாமலும் வெளுக்கும். எஞ்சின் கூட்டின் பின்முனை உலோக நிறம், அதை மெட் போட்ட பிறகு அடியுங்கள், இல்லாவிட்டால் உலோகம் சாம்பலாகச் செத்துப்போகும்.

---

ஹட்டன்_மூடுபனி:

மூடி வெள்ளைப் பசைதான், தப்பித்தேன். எஞ்சின் வாய் வளையத்தில் மட்டும் ஒரு கேள்வி: வெள்ளை உதட்டுக்கு உள்ளேயும் மடியுமா?

---

பேராதனை_வட்டம்:

மடியாது. உதடு விமான நிறத்திலேயே இருக்கட்டும், வளையம் அதற்கு 2 மிமீ பின்னால் தொடங்கட்டும். கூடு அங்கே வளைவதால் 6 மிமீ டேப் ஓர் ஓரத்தில் சுருங்கும். 2 மிமீ கீற்று மூன்றாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள், வளைவைப் பிடித்துக்கொள்ளும்.